காண்டாக் கம்பும் கெண்டைச் சதையும்

(பேராக், சிம்பாங் பூலாயில் ஒரு கோயில் மண்டபத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பேச்சைத் தொடங்குமுன் உங்களுக்கு ஒரு சின்ன வேலை. வலது முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டு முன்கையை நேரே நீட்டுங்கள். உள்ளங்கை தரையைப் பார்க்கட்டும். இடக்கை விரல்களை வலது புஜத்தின் மேல் வையுங்கள். இப்போது முழங்கையை அசைக்காமல், உள்ளங்கையை மட்டும் மேலே பார்க்கும்படி திருப்புங்கள். விரலுக்கு அடியில் ஏதோ திரண்டு எழுகிறது, இல்லையா? கவிழ்த்துங்கள். அடங்குகிறது.

ஜிம்முக்குப் போகும் தம்பிகள் பைசெப்ஸ் என்று சொல்லும் இருதலைத் தசைதான் அது. கையை மடக்கும் தசை என்றுதான் எல்லாரும் நினைத்திருக்கிறோம். இப்போது நீங்கள் கையை மடக்கவே இல்லை, திருப்பினீர்கள், அவ்வளவுதான். ஆனாலும் அது துள்ளி எழுந்தது. காரணம் அது எங்கே போய் முடிகிறது என்பதில் இருக்கிறது. முன்கையில் இரண்டு எலும்புகள். கட்டைவிரல் பக்கத்து எலும்பு சுழலும், சுண்டுவிரல் பக்கத்து எலும்பு சுழலாது. இருதலைத் தசையின் கீழ்முனை, சுழலும் எலும்பின் உட்பக்கத்தைப் பிடித்திருக்கிறது. அது இழுத்தால் எலும்பு உருளும், உள்ளங்கை மேலே திரும்பும். வலக்கையால் ஸ்குரூ முடுக்குகிறவருக்கு இந்தத் தசைதான் கூலியாள். இதற்கு அடியில் இன்னொரு தசை ஒளிந்திருக்கிறது. அது சுழலாத எலும்பைப் பிடித்திருப்பதால் கையைத் திருப்பத் தெரியாது, மடக்க மட்டுமே தெரியும். ஆகவே உள்ளங்கை மேலே பார்க்கத் தண்ணீர் வாளியைத் தூக்கினால் மேலே உள்ளவனுக்கு வேலை. உள்ளங்கை கவிழ்ந்தபடி தூக்கினால் அடியில் இருப்பவனுக்குக் கூடுதல் வேலை. வாளியும் அதேதான், கையும் அதேதான். பிடியைத் திருப்பினால் போதும், வேலை வேறு தசைக்குப் போய்விடுகிறது.

இன்று நான் சொல்ல வந்தது இதைத்தான். ஒரு தசை எந்த எலும்பில் தொடங்கி எந்த எலும்பில் முடிகிறது, அதன் நார்கள் எந்தப் பக்கமாக ஓடுகின்றன என்று தெரிந்துவிட்டால், வீட்டில் இருக்கும் வாளியும் அரிசிப் பையும் நாற்காலியும் போதும். தெரியாவிட்டால், ஆயிரக்கணக்கில் வெள்ளி கொட்டி இயந்திரம் வாங்கினாலும் ஒரு மாதத்தில் அது துணி காயப்போடும் கொடியாகிவிடும்.

லத்தீன் மொழியில் தசைக்கு 'மஸ்குலஸ்' என்று பெயர். சுண்டெலி என்று அர்த்தம். தோலுக்கு அடியில் எலி ஓடுவதுபோல் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. நம் முன்னோர் காலின் பின்புறத்தைப் பார்த்தார்கள். நடக்கும்போது அங்கே ஒரு கெண்டை மீன் புரள்வதைக் கண்டார்கள். கெண்டைக்கால் என்று பெயர் வைத்தார்கள். நடுவில் பருத்து இரு முனையிலும் ஒடுங்கும் வடிவம், நார்கள் ஓடும் போக்கு, இழுத்து விடும்போது அது துள்ளும் துள்ளல் எல்லாம் அந்த ஒரு சொல்லில் இருக்கின்றன. உடலைக் கூர்ந்து பார்க்கத் தெரிந்தவன் வைத்த பெயர் அது.

என் அம்மா கோப்பேங் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில் பால் வெட்டினார். இருட்டிலேயே எழுந்து, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போக வேண்டும். ஐந்நூறு மரத்துக்குக் குறையாத நிரை. மரத்துக்கு மரம் நின்று, உளியை இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழாகச் சரித்து, பட்டையை அரிசிக் கனத்துக்குச் சீவி, பால் வடியும் மங்கைத் துடைத்து வைத்து, அடுத்த மரத்துக்கு நடக்க வேண்டும். வெயில் ஏறியதும் அதே ஐந்நூறு மரத்தையும் மறுபடி சுற்றிப் பால் சேர்க்க வேண்டும். கடைசியில் இரண்டு வாளியையும் காண்டாக் கம்பின் இரு முனையில் மாட்டித் தோளில் ஏற்றி, மேடு பள்ளத்தில் பால் கொட்டகைக்கு நடக்க வேண்டும்.

அம்மா காண்டா தூக்குவதை நான் அருகில் நின்று பார்த்திருக்கிறேன். கம்பு கிடக்கும் உயரத்துக்கு முழங்காலை மடக்கி இறங்குவார். தோளைக் கம்புக்கு அடியில் கொடுப்பார். ஒரு மூச்சு உள்ளே இழுத்து வயிற்றை இறுக்குவார். முதுகு அசையாது, தொடை மட்டும் நிமிரும், கம்பு அவரோடு எழும். புதிதாக வேலைக்கு வந்த பெண்கள் குனிந்து கையால் இழுத்துத் தூக்கப் பார்ப்பார்கள். "ஏன்டி, இடுப்பு போயிரும்டி, காலால எந்திரி" என்று அதட்டுவார். உடற்கூறு படித்து இயன்முறைச் சிகிச்சையாளனான பிறகு, அந்த ஒரு அதட்டலை நான் எத்தனையோ நோயாளிகளிடம் திருப்பிச் சொல்லியிருக்கிறேன். நம் உடம்பின் ஆகப் பெரிய தசை பிட்டத்தில் இருக்கிறது. அதற்கு முன்னால் தொடையில் நான்கு தலைகள் கொண்ட தசை. இவை இரண்டும் பாரத்தை எழுப்பப் படைக்கப்பட்டவை. முதுகெலும்பை ஒட்டி ஓடும் தசைகளின் முதல் வேலை, எலும்பை நிமிர்த்திப் பிடித்துக்கொள்வது. பிடித்துக்கொள்கிறவனைத் தூக்கச் சொல்லிவிட்டு, தூக்குகிறவனைச் சும்மா நிற்க வைத்தால் இடுப்பு போகத்தான் செய்யும்.

அந்தக் காலம் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. போதிய சாப்பாடு இல்லை, ஓய்வு இல்லை, உளி பிடித்த கைக்கே ஆயுள் முழுக்க வேலை. அம்மாவின் வலது கை ஐம்பது வயதில் காதுக்கு மேல் உயரவில்லை. அந்த உழைப்புத் தசையை வளர்த்தது, பிறகு அதையே தேய்த்தும் விட்டது. பயிற்சி வேறு, உழைப்பு வேறு. பாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, இரு பக்கமும் சமமாகக் கொடுத்து, இடையில் ஓய்வு விட்டால்தான் அது பயிற்சி.

இன்று தோட்டம் இல்லை. ரப்பர் இருந்த இடத்தில் செம்பனை, செம்பனை இருந்த இடத்தில் தாமான் குடியிருப்பு. நாம் தொழிற்சாலைக்கும், லோரி ஸ்டியரிங்குக்கும், காவலாளி நாற்காலிக்கும் வந்துவிட்டோம். காண்டா இறங்கிவிட்டது, சோறு அதே அளவில் தட்டில் இருக்கிறது. 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் வயது வந்தவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு, 54.4 விழுக்காட்டினருக்கு அதிக எடை அல்லது உடல் பருமன். நீரிழிவை இனவாரியாக எடுத்துப் பார்க்கும்போது இந்தியர்களாகிய நாம்தான் முன்னே நிற்கிறோம். இதற்கும் தசைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சாப்பிட்டபின் இரத்தத்தில் ஏறும் சர்க்கரையை இன்சுலினின் சொல் கேட்டு வாங்கி வைக்கும் ஆகப் பெரிய கிடங்கு நம் தசைதான். அதோடு, வேலை செய்யும் தசை இன்சுலின் சொல்லாமலேயே சர்க்கரையை உள்ளே எடுத்துக்கொள்ளும். கிடங்கு சிறுத்துப்போய், வேலையும் இல்லாமல் கிடந்தால் சர்க்கரை வேறெங்கே போகும்?

தசைக்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பார்ப்போம். இரண்டு கை விரல்களையும் எதிரெதிராக நீட்டி, ஒன்றின் இடுக்கில் மற்றொன்றைப் பாதி நுழையுங்கள். இப்போது முழுக்க நுழையுங்கள். விரல் எதுவும் குட்டையாகவில்லை. ஆனால் இரண்டு மணிக்கட்டும் நெருங்கிவிட்டன. தசை சுருங்குவது இப்படித்தான். ஆக்டின், மயோசின் என்ற இரண்டு வகைப் புரத இழைகள் ஒன்றன் இடையே ஒன்று வழுக்கிப் போகின்றன. 1954இல் ஆண்ட்ரூ ஹக்ஸ்லி, நீடர்கெர்கே இருவரும் ஒரு பக்கம், ஹியூ ஹக்ஸ்லி, ஜீன் ஹான்சன் இருவரும் ஒரு பக்கம், தனித்தனியே இதைக் கண்டு 'நேச்சர்' ஏட்டின் ஒரே இதழில் எழுதினார்கள்.

வழுக்கத் தொடங்கு என்று அந்த இழைகளுக்குச் சொல்வது எது? மண்டபத்தை விட்டு வெளியே போய் நின்று பாருங்கள். நம்மைச் சுற்றி நிற்கும் குன்றுகள், குவாரிகளில் நாளும் உடைபடும் கல், எல்லாம் சுண்ணாம்பு. வெற்றிலையில் தடவுவதும் இதிலிருந்து வருவதுதான். இதில் உள்ள கால்சியம்தான் தசைக்குக் கட்டளை கொடுக்கிறது. நரம்பு தட்டியதும் தசை நாருக்குள் கால்சியம் அவிழ்த்துவிடப்படுகிறது, இழைகள் இழுக்கின்றன. அது திரும்ப உள்ளே போனதும் இழைகள் விடுகின்றன. இதன் முதல் தடயம் தற்செயலாகக் கிடைத்தது. 1883இல் லண்டன் மருத்துவர் சிட்னி ரிங்கர், தவளையின் இதயத்தை உப்பு நீரில் வைத்துத் துடிக்கவிட்டார். நன்றாகத் துடித்தது. பிறகு காய்ச்சி வடித்த சுத்த நீரில் உப்பைக் கரைத்துப் பார்த்தார். இதயம் நின்றுபோனது. முன்னால் பயன்படுத்தியது குழாய்த் தண்ணீர், அதில் கால்சியம் கரைந்திருந்தது. எல்லாவற்றுக்கும் காரணம் அந்தக் கால்சியம்தான்!

இழைகள் இழுக்கும் இந்த முறையிலிருந்து வீட்டுப் பயிற்சிக்கு ஒரு பெரிய பாடம் கிடைக்கிறது. தசைக்கு இழுக்க மட்டுமே தெரியும், தள்ளத் தெரியாது. கதவைத் தள்ளும்போதுகூட, எலும்பின் மறுபக்கத்தில் ஒரு தசை இழுத்துக்கொண்டிருக்கிறது. ஆகவே ஒவ்வொரு மூட்டிலும் எதிரெதிராக இரு தரப்பு இருக்கிறது. வீட்டில் பயிற்சி செய்கிறவர்கள் தரையைத் தள்ளித் தண்டால் எடுக்கிறார்கள். நெஞ்சும் புஜத்தின் பின்புறமும் வளர்கின்றன. இழுப்பதற்கு வீட்டில் எதுவும் இல்லை என்று முதுகை விட்டுவிடுகிறார்கள். மூன்று மாதத்தில் தோள் முன்னால் சாய்கிறது. எனக்குத் தெரிந்து நம் பிள்ளைகள் செய்யும் பெரிய தவறு இது.

முதுகின் அகன்ற தசையை எடுத்துக்கொள்ளுங்கள். இடுப்பெலும்பிலும் முதுகெலும்பின் கீழ்ப்பாதியிலும் விசிறிபோல் தொடங்கி, சாய்வாக மேலேறி, அக்குளுக்கு அடியில் புஜ எலும்பில் போய் முடிகிறது. நார்கள் ஓடும் திசை தெரிந்துவிட்டதா? அப்படியானால் பயிற்சியும் தெரிந்துவிட்டது. பள்ளிப் பையில் 5 கிலோ அரிசிப் பொட்டலத்தைப் போடுங்கள். ஒரு கையை நாற்காலியில் ஊன்றிச் சாய்ந்து நின்று, மறு கையால் பையைத் தொங்கவிட்டு, முழங்கையைக் கால்சட்டைப் பையை நோக்கி இழுங்கள். முழங்கை உடம்பை உரசிக்கொண்டு போக வேண்டும். அதே பையை, முழங்கையை விரித்து நெஞ்சு உயரத்துக்கு இழுத்துப் பாருங்கள். வேலை இடம் மாறி, இரு தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவில் வந்துவிடும். காண்டாக் கம்பு உட்கார்ந்தது கழுத்திலிருந்து தோளுக்கு இறங்கும் தசையின் மேல்நார்களில். அதே தசையின் நடுநார்களும் கீழ்நார்களும் தோள்பட்டையைப் பின்னாலும் கீழும் இழுப்பவை. கணினி முன் குந்தியிருப்பவர்களுக்கு மேல்நார்கள் நாளெல்லாம் இறுகியே கிடக்கின்றன, மற்றவை தூங்குகின்றன.

தைப்பூசத்தில் கல்லுமலைக் கோயிலுக்குக் காவடி எடுக்கும் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. விரதத்தை நாற்பத்தெட்டு நாள் இருக்கிறீர்கள். தோளையும் முதுகையும் அதே நாற்பத்தெட்டு நாள் தயார்ப்படுத்துங்கள். பையில் கனம் போட்டுத் தோளில் மாட்டி, வாரத்தில் இரண்டு நாள் நடந்து பழகுங்கள். நேர்த்திக்கடனைச் சுமக்கும் உடம்பைத் தயார்செய்வதும் விரதத்தைச் சேர்ந்ததுதான்.

காலுக்கு வருவோம். பிள்ளையார் முன் போடும் தோப்புக்கரணத்தைவிடச் சிறந்த பயிற்சி ஒன்றை நான் தேடிப் போக மாட்டேன். மேலோட்டமாகப் போட்டால் தொடை மட்டும் வேலை செய்யும். ஆழமாக இறங்க இறங்கப் பிட்டத்தின் பெருந்தசை நீண்டு, எழும்போது கூடுதலாகத் தோள் கொடுக்கும். குதிகால் தரையை விட்டு எழக் கூடாது. முழங்கால் கால்விரல்கள் காட்டும் திசையிலேயே போக வேண்டும், உள்ளே சாயக் கூடாது. இறங்கும்போது மூன்று எண்ணுங்கள், பொத்தென்று விழாதீர்கள். பாரத்தை இறக்கும்போதும் தசை பிடித்துக்கொண்டே நீளுகிறது. வளர்ச்சிக்கு அந்த இறக்கம் எழுச்சிக்குச் சமமாக உதவும். மறுநாள் வலிப்பதும் பெரும்பாலும் அதனால்தான். தோட்டத்தில் மேடு ஏறியதைவிடப் பள்ளம் இறங்கியதுதான் தொடையைப் பிடித்ததென்று பெரியவர்கள் சொல்வார்கள். சரியான பேச்சு.

தோப்புக்கரணம் எட்டாத இடம் ஒன்று உண்டு, தொடையின் பின்புறம். அங்குள்ள தசைகளில் பெரும்பாலானவை இடுப்பில் தொடங்கி முழங்காலைத் தாண்டி முடிகின்றன. உட்காரும்போது இடுப்புப் பக்கம் அவை நீள்கின்றன, முழங்கால் பக்கம் சுருங்குகின்றன. மொத்த நீளம் அதிகம் மாறாததால் வேலை குறைவு. அவற்றுக்கு வேலை கொடுக்க, முழங்காலை ஏறக்குறைய நேராக வைத்து இடுப்பில் மடிய வேண்டும். வாசலில் கோலம் போடும் அம்மாக்கள் செய்வது அதுதான். முதுகை வளைக்காமல், இடுப்பைப் பின்னால் தள்ளி, அரிசிப் பையைத் தொடையோடு ஒட்டியபடி முழங்காலுக்குக் கீழே இறக்கி ஏற்றுங்கள்.

கெண்டைக்காலிலும் இதே கதைதான். மேலே தெரியும் கெண்டை, தொடை எலும்பில் தொடங்கி முழங்காலைத் தாண்டுகிறது. அதற்கு அடியில் தட்டையான இன்னொரு தசை, முழங்காலுக்குக் கீழேயே தொடங்குகிறது. படிக்கட்டில் நின்று காலை நேராக வைத்துக் குதிகாலை உயர்த்தினால் மேல் கெண்டைக்கு முழு வேலை. நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலின் மேல் அரிசிப் பையை வைத்துக் குதிகாலை உயர்த்தினால், மேல் கெண்டை தளர்ந்துவிடும், அடியில் உள்ளது எழும். பாதத்தில் தேங்கும் இரத்தத்தை மேலே பிழிந்து அனுப்புவதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. நாளெல்லாம் நிற்கிற வேலைக்காரர்கள் இதை மறக்க வேண்டாம்.

தண்டாலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முடியாதவர்கள் சுவரில் தொடங்குங்கள், பிறகு சமையல் மேடை, பிறகு தரை. காலை உயரத்தில் வைத்தால் காறையெலும்பிலிருந்து இறங்கும் மேல்நெஞ்சு நார்களுக்கு வேலை கூடும்.

தோளைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. இருபத்து மூன்று வயதில் ஒரு பயிற்சிக் கூடத்தில், பாரத்தைக் கழுத்துக்குப் பின்னால் இறக்கி ஏற்றச் சொன்னார்கள். நான் கேள்வி கேட்கவில்லை. எட்டு மாதம் சட்டை மாட்டுவதற்கே இன்னொருவர் உதவி வேண்டியிருந்தது. பிறகுதான் படித்தேன். தோள் மூட்டு, சின்னத் தட்டில் வைத்த எலுமிச்சம்பழம் மாதிரி. தட்டு ஆழமில்லை. பழம் உருளாமல் நாலு சிறு தசைகள் சுற்றிப் பிடித்திருக்கின்றன. அதில் ஒன்றின் நாண் மேலே எலும்புக் கூரைக்கு அடியில் இடுக்கான வழியில் போகிறது. கையைத் தவறான கோணத்தில் உயர்த்தினால் அது நசுங்கும். ஆகவே கையைப் பக்கவாட்டில் உயர்த்தும்போது கட்டைவிரல் மேலே பார்க்கட்டும். கை நேர் பக்கமாக இல்லாமல் சற்று முன்னால் வரட்டும். ஒரு சாண் வித்தியாசம்தான்.

இப்போது கடைகளில் பயிற்சிக்கான ரப்பர் பட்டை விற்கிறார்கள். என் அம்மா வெட்டிய அதே பாலிலிருந்து வருவது. வாங்குங்கள், நல்ல பொருள். ஆனால் அதன் குணம் தெரிந்து வாங்குங்கள். பட்டை, இழுக்க இழுக்கக் கனக்கும். தசையோ நடு நீளத்தில்தான் ஆகப் பலசாலி, முழுக்கச் சுருங்கிய நிலையில் பலவீனன். பட்டை கடைசியில் அடம் பிடிக்கும்போது தசைக்குத் தெம்பிருக்காது, தொடக்கத்தில் தெம்பிருக்கும்போது பட்டைக்குக் கனமிருக்காது. தசை நீண்டிருக்கும் நிலையில் பாரம் கொடுத்தால் நன்றாக வளர்கிறது என்பது பல ஆய்வுகளில் தெரிகிறது. 2022இல் வெளிவந்த ஜப்பானிய ஆய்வொன்றில் 12 வாரம் ஒரே ஆட்களைப் பழக்கினார்கள். புஜத்தின் பின்புற முத்தலைத் தசைக்கு, ஒரு கைக்குத் தலைக்கு மேலே உயர்த்திய நிலையிலும், மறு கைக்கு உடம்போடு ஒட்டிய நிலையிலும் பயிற்சி. தலைக்கு மேலே உயர்த்திய கை கூடுதலாக வளர்ந்தது. அந்தத் தசையின் நீளத் தலை தோள்பட்டையில் தொடங்குவதால், கையை உயர்த்தினால்தான் அது நீளும். ஒரு தண்ணீர் போத்தலை இரு கையாலும் பிடித்து, தலைக்குப் பின்னால் இறக்கி ஏற்றினால் போதும். 1.5 லிட்டர் போத்தல் ஒன்றரைக் கிலோ. கணக்கு எளிது.

வயதாகிவிட்டதே என்று பின்வரிசையில் ஒரு பாட்டி தலையசைக்கிறார். வயது தசையை என்ன செய்கிறது என்று பார்ப்போம். தசையில் மெதுவான நார், வேகமான நார் என இரண்டு வகை உண்டு. 1968இல் மெக்சிகோ ஒலிம்பிக்கில் நம் மலேசிய ஓட்டக்காரர் மருத்துவர் மணி ஜெகதீசன் 200 மீட்டரை 20.92 விநாடியில் ஓடினார். அது வேகமான நார்களின் வேலை. வயதாகும்போது முதலில் மெலிவதும் அவைதான். தடுக்கினால் சட்டென்று காலை எடுத்து ஊன்றிக்கொள்ளும் நார்களும் அவையே. அவை போனதும் பாத்ரூமில் விழுகிறோம். 1990இல் வெளியான ஓர் ஆய்வில், பாஸ்டனில் முதியோர் இல்லத்தில் இருந்த 86 முதல் 96 வயது வரையிலான பத்துப் பேருக்குத் தொடைப் பயிற்சி கொடுத்தார்கள். எட்டு வாரப் பயிற்சியை முடித்த ஒன்பது பேரின் கால் வலு சராசரியாக 174 விழுக்காடு கூடியது. தொண்ணூறு வயதில்! முதல் சில வாரங்களில் கூடும் வலு பெரும்பாலும் நரம்பு கற்றுக்கொள்வதால் வருவது. தசை பருக்க இன்னும் சில வாரம் பிடிக்கும். ஆகவே கண்ணாடியைப் பார்த்து மனம் தளராதீர்கள்.

உலகச் சுகாதார நிறுவனம் வாரத்தில் இரண்டு நாளாவது தசைப் பயிற்சி வேண்டும் என்கிறது. ஒரே தசைக்கு இடையில் இரண்டு நாள் ஓய்வு விடுங்கள். பருப்பு, முட்டை, நெத்திலி, தெம்பே எதுவானாலும் சரி, ஒவ்வொரு வேளையும் தட்டில் புரதம் இருக்கட்டும். இதயநோய், கட்டுக்கடங்காத இரத்த அழுத்தம் உள்ளவர்கள் முதலில் மருத்துவரைப் பாருங்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்காதீர்கள். என் அம்மாவுக்கு அது பழக்கம், உங்களுக்கு வேண்டாம்.

வீட்டுக்குப் போனதும் ஒன்று செய்யுங்கள். கைப்பிடி இல்லாத நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். கைகளை நெஞ்சில் கட்டிக்கொண்டு 30 விநாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து நிற்க முடிகிறது என்று எண்ணுங்கள். 60 முதல் 64 வயதுள்ள ஆண் 14 முறைக்குக் குறைந்தாலோ, பெண் 12 முறைக்குக் குறைந்தாலோ, கால் வலு குறைவு என்று பொருள். வந்த எண்ணைச் சுவரில் மாட்டியிருக்கும் காலண்டரில் இன்றைய தேதிக்குப் பக்கத்தில் எழுதுங்கள். மூன்று மாதம் கழித்து அதே நாற்காலி, அதே 30 விநாடி. அந்த எண்ணையும் பக்கத்தில் எழுதி, என்னிடம் வந்து காட்டுங்கள்.